கோழிக்காலில் மூட்டின் இணைப்புகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எலும்புகளை எது பிணைத்து வைத்திருக்கிறது என்பதைப் பாடப்புத்தகப் படத்தைக் காட்டிலும் ஒரு கோழிக்கால் தெளிவாகக் காட்டிவிடும். தொடை முதல் பாதம் வரை வெட்டாமல், தோலுடன் முழுக்காலாகத் தருமாறு கறிக்கடையில் கேட்டு வாங்குங்கள். கத்தியைவிட முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலையே நான் பரிந்துரைப்பேன். கத்தி, நாம் பார்க்க வேண்டியதையும் சேர்த்தே அறுத்துவிடுகிறது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், முடித்ததும் கைகளையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

முதலில் தோலை உரியுங்கள். தோலுக்கும் தசைக்கும் இடையே இழுபடும் ஈரமான மெல்லிய சவ்வும் இணைப்புத்திசுவே.

அடுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள சதை கீழே வரவர ஒடுங்கி, வெண்மையாக மின்னும் நாண்களாக மாறுவதைக் கவனியுங்கள். தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்கள் இவை. பின்புறம் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்தால், அவற்றுள் சில கோழியின் விரல்களை மடக்கும்.

இனி முழங்கால். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: முன்பக்கமிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் உள்ளே எலும்பை எலும்புடன் பிணைத்திருக்கும் குறுக்குத் தசைநார்கள் அறுந்து, இரண்டு எலும்புகளும் எதனால் சேர்ந்திருந்தன என்பதே தெரியாமல் போய்விடும். ஆகவே சதையை முழுவதும் நீக்கி, முழங்கால் சில்லின் நாணைத் துண்டித்து, மூட்டை மூடியிருக்கும் உறையைச் சிறிது சிறிதாகக் கத்தரியுங்கள். இரு பக்கமும் எலும்பிலிருந்து எலும்புக்குச் செல்லும் பட்டைகள் பக்கத் தசைநார்கள். வெளிப்பக்கத்து நாரை மட்டும் அறுத்து அசைத்தால், மூட்டு அந்தப் பக்கமாக வாய் பிளக்கும். இரண்டையும் அறுத்த பின்பும் எலும்புகள் பிரியமாட்டா. மூட்டை மடக்கி உள்ளே பார்த்தால், ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இரண்டு தடித்த நார்கள் தெரியும். கீழெலும்பை முன்னோக்கி இழுத்தால் அவற்றுள் ஒன்று விறைக்கும். கால்பந்து வீரர்களுக்கு அடிக்கடி அறுவது மனித முழங்காலில் இதற்கு இணையான முன் குறுக்குத் தசைநார்தான்.

எலும்பு முனைகளில் நீலம் கலந்த வெண்மையுடன் வழவழக்கும் படலம் குருத்தெலும்பு. அதில் இரத்தக்குழாய்கள் இல்லாததால், ஒருமுறை சேதமடைந்தால் எளிதில் ஆறுவதில்லை.

வேகவைத்த காலில் இதைச் செய்யாதீர்கள். நார்களுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதம் நெடுநேரம் நீரில் வேகும்போது ஜெலட்டினாகக் கரைந்துவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாவதும் அதனால்தான்.

பின்சேர்க்கை: நாண்கள் குச்சியைப் போல விறைத்து, இழுக்கவே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதிர்ந்த பறவைகளின் கால் நாண்களில் சுண்ணாம்புச்சத்து படிந்து அவை எலும்பாக மாறுவது இயல்பு. வான்கோழியில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். இளங்கோழியின் காலாகக் கேட்டு வாங்குங்கள்.