தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பார்சலில் அனுப்ப
தஞ்சாவூர் சுற்றிவிட்டு வெளியூர் நண்பர்களுக்குப் பரிசுப் பெட்டி அனுப்புபவர்கள், தலையும் உடலும் ஆட்டும் நடனப் பொம்மையை அப்படியே நிறுத்தி வைத்துக் கட்டாதீர்கள். தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள். உள்ளே இருக்கும் கம்பி முனையில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துதான் ஆடுகின்றன. பார்சல் குலுங்கினால் கம்பி வளையும், அப்புறம் பொம்மை ஒரே பக்கம் சாய்ந்தே நிற்கும். கடையிலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள். மாட்டும் வரிசையைப் போனில் படம் எடுத்து அதையும் அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டையும் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாவாடையின் உட்குழிவில் காகிதத்தைக் கசக்கி அடைப்பது ரொம்ப முக்கியம், முதலில் நசுங்குவது அதுதான். பபுள் ஷீட் துணிக்கு மேல்தான் வரவேண்டும். நேராகப் பட்டால் சூட்டில் பெயின்டில் ஒட்டிப் புள்ளி விழும். பொம்மை செய்யும் காகிதக் கூழ் ஈரத்தில் ஊறிவிடும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். கும்பகோணம் வெற்றிலையும் சேர்த்து அனுப்பினால், அது ஈரம் விடும் என்பதால் அதற்கு வேறு பெட்டி.