மாடி வீட்டுப் பெண்ணோடு காவல் நிலையம் போவது எப்படி?

டெல்லி முனீர்காவில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். 'மதராசி' என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். ஆனால் மாடியில் இருக்கும் மணிப்பூர்ப் பெண்ணைச் சந்துமுனையில் 'சிங்க்கி' என்று முகச்சாடையை வைத்து இழிவாகக் கூப்பிட்டார்களே, அதற்கு யாரும் பழக வேண்டியதில்லை. என் மகன் 'வேற்றுமையில் ஒற்றுமை' கட்டுரை எழுதியதும் அதே வாரம்தான்.

உங்கள் மாடியிலும் நடந்தால், முதலில் உட்காரவைத்து டீ கொடுங்கள். "விட்டுத்தள்ளு" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் தடவை நான் சொன்னேன், இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கே எழுதிவையுங்கள்: நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள், முக்கியமாக அந்தச் சொல், அப்படியே. 'தகாத வார்த்தை' என்று பூசி மெழுகினால் புகார் பாதியாகிவிடும்.

பிறகு 1093. வடகிழக்கு மக்களுக்காக டெல்லி போலீஸ் வைத்திருக்கும் எண். கை நீட்டினால் உடனே 112. காவல் நிலையத்தில் "இது எங்க எல்லை இல்லை" என்றால் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள்; சம்பவம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை அது. எங்களிடம் ஒருவர் "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்றார். பெஞ்சை விட்டு நாங்கள் எழவில்லை. எஃப்ஐஆர் நகல் இலவசம், வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அவர் பட்டியல் பழங்குடியினர் என்றால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

2014இல் லஜ்பத் நகரில் ஓர் அருணாச்சல மாணவரின் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவர் உயிரில் முடிந்தது. அதன்பின் வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனவசைக்குத் தனிச் சட்டப்பிரிவு கேட்டது. கேட்டதோடு சரி.

அன்றிரவு அவளுக்குத் தயிர்சாதம் கொடுத்தேன். காரமே இல்லை ஆன்ட்டி என்று மேலே ஓடி, ஊர் மிளகாய் ஊறுகாய் எடுத்துவந்தாள்.