‘வாதா’ என்றால் ‘போங்கள்’: இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வினைச்சொல்

பலெர்மோவுக்கு வந்த புதிதில் நானும் கணவரும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா எங்கள் கடதாசிகளைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி “வாதா, வாதா” என்றார். கணவருடைய காதில் அது “வாடா” என்று விழுந்திருக்கிறது. முன்பின் தெரியாத பெண் எடுத்த எடுப்பிலேயே வாடா போடா என்கிறாளே என்று அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் கூப்பிடுகிறாள் அல்லவா, சன்னலோடு ஒட்டிப் போய் நின்றார். அவர் கிட்டப் போகப் போக அந்த அம்மா இன்னும் உரக்க “வாதா!” என்கிறார். வரிசையில் பின்னால் நின்ற தமிழ்ப் பெடியன் ஒருவன்தான் வந்து சொன்னான்: “அண்ணை, அவ வரச் சொல்லேல்லை. நாலாவது சன்னலுக்குப் போகச் சொல்லுறா. அதுவும் மரியாதையாத்தான் சொல்லுறா.”

அன்றைக்கு எங்களைச் சுற்றவிட்ட சொல் ‘அந்தாரே’. போதல் என்று பொருள். இத்தாலியில் காலை எழுந்து இரவு படுக்கும்வரை இந்த ஒரு வினையைக் கேட்காமல் இருக்க முடியாது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் நிறைய அட்டவணை இருக்கும். அதை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்யாதீர்கள் என்பது என் எண்ணம். புத்தகம் கடைசியில் வைத்திருக்கும் வடிவம் முதல் நாளே சன்னலில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் சில வடிவங்கள் உங்களுக்குப் பத்து வருடத்துக்குத் தேவைப்படாது. அதனால் காதில் விழும் ஒழுங்கில் படிப்போம்.

அதற்கு முன் உச்சரிப்பு பற்றி ஒரு சொல். இத்தாலியரின் த நம்முடைய த தான், நாக்கு பல்லில் படவேண்டும். ஆங்கிலம் படித்த பழக்கத்தில் ‘அண்டாரே’ என்று ட போட்டால் அவர்களுக்கு ஒரு மாதிரிக் கேட்கும். இங்கே ‘த்த’ என்று நான் எழுதுகிற இடங்களில் பெரும்பாலும் இரட்டை ஒலி கிடையாது, ‘தம்பி’யில் வரும் த என்று காட்டத்தான் அப்படி எழுதுகிறேன். தனித் த வந்தால் ‘பாதை’யில் வருகிற மாதிரி மெதுவாகச் சொல்லுங்கள்.

சரி, நிகழ்காலம். நான் போகிறேன் என்பது வாதோ. நீ போகிறாய் என்பது வாய். அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் வா. நாங்கள் போகிறோம் என்றால் அந்தியாமோ, நீங்கள் பலர் போகிறீர்கள் என்றால் அந்தாத்தே, அவர்கள் போகிறார்கள் என்றால் வான்னோ. நாம் ‘வா’ என்று கூப்பிடுகிற சொல்லுக்கு இங்கே ‘போகிறார்’ என்று பொருள். இந்தத் தலைகீழ்க் கணக்கு பழகுவதற்குச் சில மாதம் பிடிக்கும்.

ஒரே வினைக்கு ஏன் வா என்றும் அந்த் என்றும் இரண்டு வேர்? இலத்தீனில் தனித்தனியாக இருந்த சொற்கள் ஒன்றாகக் கலந்து வந்தது இது. வா என்பது ‘வாதெரே’ என்ற பழைய இலத்தீன் வினையின் மிச்சம். நமக்கு இது புதினமாக இருக்கத் தேவையில்லை. ‘வா’ என்கிறோம், ‘வருகிறேன்’ என்கிறோம், ‘வந்தேன்’ என்கிறோம், வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் படித்தால் இதே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்பார். ஒரு நல்ல செய்தி: வா என்ற வேர் நிகழ்காலத்திலும், ஏவலிலும், பின்னால் சொல்லப்போகிற ‘வாதா’ வரிசையிலும் மட்டும்தான் வரும். மற்றக் காலங்கள் எல்லாவற்றுக்கும் அந்த் ஒன்றுதான்.

இன்னொன்று, ‘நான்’ என்பதற்கு உரிய ‘இயோ’வை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாம். ‘போகிறேன்’ என்றாலே நான்தான் என்று தமிழில் தெரிகிறதே, அதேபோல ‘வாதோ’ என்றாலே போதும்.

இப்போது அந்தச் சன்னலுக்குத் திரும்புவோம். இத்தாலியில் மரியாதைக்கு ‘லேய்’ என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு ‘அவள்’ என்ற பொருளும் உண்டு. எதிரே நிற்பது மீசை வைத்த ஆளாக இருந்தாலும் மரியாதை கொடுக்கும்போது லேய் தான், வினையும் அவன், அவளுக்கு உரிய ஒருமை வினைதான். “லேய் தோவே வா?” என்றால் “நீங்கள் எங்கே போகிறீர்கள்?” ஏவும்போது மட்டும் இந்த வா, வாதா ஆகிவிடும். இலக்கணத்தில் அதைக் கொஞ்ஜூந்தீவோ என்பார்கள், மாணவர்கள் பயந்து ஓடுகிற பாடம். தெருவில் அது வெறும் ‘போங்கள்’. “வாதா திரித்தோ” என்றால் நேராகப் போங்கள். “நோன் வாதா” என்றால் போகாதீர்கள். நான், நீ, அவர் மூன்றுக்கும் இதே வாதா, அவர்கள் என்றால் வாதனோ. நெருங்கியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ‘வாய்’ என்று சொல்லலாம், வேண்டாம் என்றால் “நோன் அந்தாரே”. பொலிசுக்காரரையோ மருத்துவரையோ ‘வாய்’ போட்டுக் கதைக்காதீர்கள், அது ‘நீ’. நாப்போலி பக்கத்து வயதானவர்கள் மட்டும் மரியாதைக்குப் பன்மை சொல்வார்கள், நம் ‘நீங்கள்’ மாதிரி. அங்கே ஒருவரிடமே “அந்தாத்தே” என்று கேட்டால் பின்னால் திரும்பி வேறு யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டாம்.

எங்கே போகிறோம் என்பதைச் சொல்லும்போது தமிழில் ‘உக்கு’ ஒன்றே போதும். இத்தாலியனில் இடத்துக்கு இடம் மாறும். ஊர் என்றால் அ: வாதோ அ பலெர்மோ. நாடு என்றால் பெரும்பாலும் இன்: வாதோ இன் ஸ்வீத்சேரா. ஆளிடம் போவதென்றால் தா, அது அப்படியே நம்முடைய ‘இடம்’. மருத்துவரிடம் போகிறேன் என்பது வாதோ தல் மேதிகோ. மிச்சத்தை விதி தேடாமல் வாயில் போட்டுக்கொள்ளுங்கள்: அ காசா (வீட்டுக்கு), அ ஸ்குவோலா (பள்ளிக்கு), இன் ஃபார்மச்சீயா (மருந்துக்கடைக்கு), இன் குவெஸ்தூரா (பொலிஸ் தலைமையகத்துக்கு), அல்லா போஸ்தா (தபால் நிலையத்துக்கு), அல் லவோரோ (வேலைக்கு).

இறந்தகாலத்தில் நம் ஆட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. இத்தாலியனில் பல வினைகளுக்கு ‘ஓ’ என்று தொடங்கி இறந்தகாலம் சொல்வார்கள், சாப்பிட்டேன், வேலை செய்தேன் எல்லாம் அப்படி. போதல், வருதல் போன்றவற்றுக்கு அது பொருந்தாது, ‘சோனோ’ வேண்டும். சோனோ அந்தாத்தோ, அதாவது போனேன். “ஓ அந்தாத்தோ” என்றால் விளங்கிக்கொள்வார்கள், ஆனால் திருத்தாமல் விடமாட்டார்கள்.

குழிக்குள் இன்னொரு குழியும் உண்டு. தமிழில் போனான், போனாள் என்று பிரிப்போம், ‘போனேன்’ என்பதில் ஆணா பெண்ணா என்று தெரியாது. இங்கே தெரியவேண்டும். ஆண் சோனோ அந்தாத்தோ, பெண் சோனோ அந்தாத்தா. ஆண்கள் கூட்டமோ கலந்த கூட்டமோ போனால் சியாமோ அந்தாத்தி, பெண்கள் மட்டும் போனால் சியாமோ அந்தாத்தே. நான் என் கணவரைப் பார்த்துப் படித்தவள். அவர் சொன்னதை அப்படியே சொல்லி, முதல் ஆறு மாதம் வேலை செய்த வீட்டிலெல்லாம் ஆணாகவே போய் வந்துகொண்டிருந்தேன். மொழியைக் கணவரிடம் படிக்கிற அக்காமார், தங்கச்சிமார் இதைக் கவனியுங்கள்.

ரயில் நிலையத்திலும் இந்த அந்தாத்தா உதவும். போகிற பயணத்துக்குப் பெயரே அந்தாத்தா. “அந்தாத்தா எ ரித்தோர்னோ” என்று கேட்டால் போக வரச் சீட்டுத் தருவார்கள்.

சிசிலித் தீவில், பலெர்மோவிலோ கத்தானியாவிலோ இருந்தால் இன்னோர் இறந்தகாலமும் காதில் விழும். மிலானோவில் இருப்பவர் நேற்றுப் போனதையும் இருபது வருடத்துக்கு முன் போனதையும் சோனோ அந்தாத்தோ என்றே சொல்வார். சிசிலியில் காலையில் சந்தைக்குப் போனதைக்கூட “அந்தாய்” என்பார்கள். அவர் போனார் என்பதற்கு “அந்தோ”. முதல் தடவை கேட்டபோது யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன், நம் மரண அறிவித்தல்களில் வருகிற அந்தோ அல்லவா! நீங்கள் இதைப் பேசத் தேவையில்லை, கேட்டால் விளங்கினால் போதும். இதோடு “அமுனீ” என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலெர்மோக்காரர்களின் ‘வாங்கோ போவம்’ அது. மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நம் ஆட்கள், இந்துக்களும் சேர்ந்துதான், நடந்து ஏறுவார்கள். செப்டெம்பர் 4 திருநாளுக்கு முந்தின இரவு ஊர்ச்சனமும் சேர்ந்து ஏறும்போது வழியெல்லாம் இந்த அமுனீ கேட்கும்.

‘அந்தாவோ’ சுலபம். முன்பெல்லாம் போவேன், அல்லது போய்க்கொண்டிருந்தேன், இரண்டுக்கும் அதுவே. அந்தாவோ, அந்தாவி, அந்தாவா, அந்தவாமோ, அந்தவாத்தே, அந்தாவனோ. “ஊரில் என்ன வேலைக்குப் போனீர்கள்?” என்று யாராவது கேட்டால் இந்த வரிசையில் பதில் சொல்லுங்கள்.

எதிர்காலத்துக்கு அவசரமே இல்லை. நாளைக்குப் போறேன் என்று நாம் சொல்வதுபோல அவர்களும் “தொமானி வாதோ” என்றுதான் பேசுவார்கள். அந்த்ரோ, அந்த்ராய், அந்த்ரா என்ற எதிர்கால வரிசை ஊகத்துக்கு அதிகம் பயன்படும். “தோவே சரா அந்தாத்தோ?” என்றால் “எங்கே போயிருப்பார்?” தமிழிலும் ஊகிக்கும்போது எதிர்கால ‘பார்’ வருகிறது பாருங்கள்.

போவேனாக்கும், ஆனால் என்று இழுக்கிற வடிவம் அந்த்ரேய். காசு இருந்தால் ஊருக்குப் போவேன் என்கிற மாதிரி இடங்களில் வரும். இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த்ரேமோ என்றால் போவோம், நிச்சயம். அந்த்ரெம்மோ என்றால் போவோம், முடிந்தால். ஒரு ம் தான் வித்தியாசம். ஆங்கிலேயர்கள் இதில் திணறுவார்கள். கனத்தையும் கன்னத்தையும் பிரித்துக் கேட்கிற நமக்கு இது பெரிய விஷயம் இல்லை. ‘போனால்’ என்பதற்கு வருகிற அந்தாஸ்ஸி வரிசையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அட்டவணையில் இல்லாத ஒரு பயன்பாடு, படிவங்களில் உங்களைத் தேடி வரும். தபால் நிலையத்தில் வதிவிட அனுமதிக்கான உறையை வாங்குவீர்கள். வந்து 8 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய விண்ணப்பம், 16 யூரோ முத்திரையும் ஒட்டவேண்டும். அந்த மாதிரிக் கடதாசிகளில் “வா ஃபிர்மாத்தோ” என்று இருக்கும். ‘கையெழுத்திட்டுப் போகிறது’ என்று எண்ணி நான் தலையைச் சொறிந்திருக்கிறேன். இங்கே வா என்றால் ‘வேண்டும்’. வா ஃபிர்மாத்தோ, கையெழுத்திட வேண்டும். வா கொம்பிலாத்தோ, நிரப்ப வேண்டும். மருந்துக்கு “வா ப்ரேசோ தோப்போ இ பாஸ்தி” என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். உள்ளூர் ரயிலின் கடதாசிச் சீட்டு “வா கொன்வாலிதாத்தோ”, ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால் தண்டம், மொழி தெரியாது என்பது அங்கே எடுபடாது.

“தி வா உன் கஃபே?” என்று கேட்டால் காப்பி குடிக்க மனமிருக்கிறதா என்று பொருள். “நோன் மி வா” என்றால் எனக்கு மனமில்லை. ‘எனக்கு’ என்று நாம் தொடங்குகிற மாதிரியே ‘மி’ வருவதால் இது நாக்கில் உடனே ஒட்டிக்கொள்ளும். “வாத்தேனே” என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், அது ‘தொலைந்துபோ’.

வடிவம் மறந்து நாக்கு உலர்ந்தால் ஒரு குறுக்குவழி. தேவோ அந்தாரே, போகவேண்டும். போஸ்ஸோ அந்தாரே, போகலாமா. வொர்ரேய் அந்தாரே, போக விரும்புகிறேன். இந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் அந்தாரே மாறவே மாறாது. என் முதல் வருடம் இதிலேயே ஓடியது.

முறையாகப் படிக்க சி.பி.ஐ.ஏ. என்ற வளர்ந்தோருக்கான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, உங்கள் பகுதியில் எது என்று விசாரியுங்கள். 5 வருடத்துக்குப் பிறகு நீண்டகால வதிவிட அனுமதி கேட்க இத்தாலியனில் ஏ2 நிலை, அதாவது அடிப்படைத் தேர்ச்சி, வேண்டும். குடியுரிமைக்கு 2018 கடைசியிலிருந்து அதற்கு அடுத்த நிலையான பி1 கேட்கிறார்கள். ஏ2 தேர்வுக்கு வாதோ, சோனோ அந்தாத்தோ, அந்தாவோ மூன்றும் தடுமாறாமல் வந்தால் இந்த வினை உங்களைக் கைவிடாது. அந்த்ரேயும் வாதாவும் பி1 பக்கத்து வேலை.

கடைசியாக, விடைபெறும்போது ஒரு கவனம். ஒரு வயதான சின்யோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மாலையில் கிளம்பும்போது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லாமல் எப்படிப் படியிறங்குவது? அதையே மொழிமாற்றி “வாதோ எ தோர்னோ” என்றேன். இத்தாலியனில் அதற்கு ‘இந்தா, இப்போது திரும்பி வந்துவிடுவேன்’ என்று பொருள். கடைக்குத்தான் போயிருக்கிறேன் என்று நினைத்து, பாவம், இரவு எட்டரை வரை கதவைத் தாழிடாமல் காத்திருந்திருக்கிறார். பிறகு அவருடைய மகள் தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து “வாதோ, அ தொமானி” என்று சரியாகச் சொல்லப் பழகினேன். சின்யோரா மட்டும் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் கதவடியில் நின்று, “வாய் எ தோர்னி, வேரோ?” என்று கேட்பார். போயிட்டு வருவாய்தானே?