நண்பர் நன்கொடைக்காக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும்போது நாம் செய்யக்கூடாதவை

நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நண்பர் சில நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார் என்றால், துணைக்குப் போகிறவர்களுக்கு உற்சாகம் பொங்கிவிடும். தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல மணி நேரம் மிதித்தவருக்குக் காலோடு சேர்ந்து தலையும் களைத்துப்போகும். அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவைக் குறைத்தால் அது உதவி, கூட்டினால் உபத்திரவம்.

அதனால் வந்து நின்றதும் "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். பாட்டிலை நிரப்பி, சாப்பாட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதிகம் சொதப்புவது சாப்பாட்டில்தான். நீண்ட சவாரியில் பொதுவாக மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. வயிற்றைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை போவார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். பாவம், பசித்திருப்பார் என்று நடுவழியில் விருந்து வைத்தால் அடுத்த ஒரு மணி நேரம் வயிறு பாடாய்ப்படுத்தும். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எனர்ஜி ஜெல்லை (உடனடி சக்திக்கான இனிப்புக் கூழ்) அன்றைக்குப் புதிதாகக் கொடுப்பதும் அப்படித்தான்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடிக்க வைத்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்தில் முடியலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும், வியர்வை அதிகமென்றால் உப்பும் சேரட்டும்.

பாதுகாப்பு என்று நினைத்துக் காரில் பின்னாலேயே ஊர்ந்து போகிறவர்கள் உண்டு. மற்ற வண்டிகள் தாறுமாறாக முந்தப் பார்க்கும், ஓட்டுகிறவருக்கும் எரிச்சல். முன்னால் போய்ப் பேசி வைத்த இடத்தில் காத்திருங்கள். பிரெவே வகை சவாரி, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, போட்டியில்லாத நெடுந்தூரச் சவாரி என்றால் விதியே அதுதான்: வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டுமே துணை வண்டி உதவலாம். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் கெடு. விதி தெரியாமல் நடுவழியில் நீட்டும் வாழைப்பழம்கூட அவருக்கு வினையாகலாம்.

அவர் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் வரைபடத்தில் புள்ளி நகரவில்லை என்றதும் போன் அடிக்காதீர்கள். சிக்னல் போயிருக்கலாம், டியூப் மாற்றிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரம் தகவல் இல்லையென்றால் தேடி வருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான், இனி மேடே இல்ல" என்று பொய் சொல்லவே சொல்லாதீர்கள். அடுத்த வளைவில் ஒரு மேடு வந்தால், அதன்பிறகு நீங்கள் சொல்வது எதையும் அவர் நம்பமாட்டார்.

பணத்தைக் கடைசியில் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுவதும் தவறுதான். காலியாகக் கிடக்கும் நன்கொடைப் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் போட எல்லோரும் தயங்குவார்கள். அந்த முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். நன்றிச் செய்திகள் அனுப்பும் வேலையையும் நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

பேச்சு குழறினாலோ, வண்டி தள்ளாடினாலோ, நடுக்கம் நிற்காவிட்டாலோ நிறுத்தச் சொல்லுங்கள். "பணம் கொடுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று அவர் மல்லுக்கட்டுவார். அந்தப் பதிலை நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். முடித்துவிட்டு வந்தாலும் சரி, பாதியில் நிறுத்தினாலும் சரி, வீட்டுக்குத் திரும்பும் காரை அவர் ஓட்டக்கூடாது. தூக்கம் சொக்கும். சாவி உங்களிடம் இருக்கட்டும்.