அடக்க ஆராதனையில் வாசிக்க அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஒருவர் தவறிவிட்டால், அடக்க ஆராதனையின் நடுவே குடும்பத்தில் ஒருவர் எழுந்துபோய் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது வழக்கம். அந்த ஒருவர் நீங்கள்தான் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து தம்பி வந்து சேரும்வரை உங்களுக்கு ஒரு ராத்திரி இருக்கிறது, வீடு நிறைய ஆள், ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத உட்கார இடம்கூட இல்லை. சரி, மாடிக்குப் போங்கள். போகும்போது அம்மாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவை ஏன் என்றால், நம் ஊர் குறிப்புகளில் அப்பா கமிட்டி மெம்பராக இருந்தது, பொருளாளராக இருந்தது, சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு நின்றது எல்லாம் ஒரு பக்கத்துக்கு வரும், நாற்பது வருஷம் கூடவே இருந்தவர் "இன்னாரைத் திருமணம் செய்து" என்ற ஒரு வரியோடு முடிந்துபோவார். கணவராக அவர் எப்படி இருந்தார் என்பது சபைக்குத் தெரியாது, அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு "தங்கமான மனுஷன்" என்று சொல்லி அழத்தான் முடியும். சின்னதாகக் கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரி என்ன செய்வார்? முதல் மணி அடிக்கும்போது எங்கே இருப்பார்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சமையல் யார்? கேட்டுப் பாருங்கள், "அவியதான் என் சேலையும் சேத்து தேச்சு வைப்பாவ" என்று எங்கிருந்தோ ஒன்று வரும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒரே விதி. நல்லவர், பக்தியுள்ளவர், பாசமானவர் என்று சொல்வதை விட்டுவிட்டு அவர் செய்ததைச் சொல்லுங்கள். "அன்னார் சபைப் பொருளாளராகச் சீரும் சிறப்புமாகப் பணியாற்றினார்" என்ற வரியைப் பேரை மாற்றினால் அடுத்த வாரம் இன்னொருவருக்கு வாசித்துவிடலாம். இதைப் பாருங்கள்: "காணிக்கை எண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் அப்பாவுக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. சாப்பிட்ட கை காயும் முன்னே நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோயிலுக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தால் கணக்கு நேராகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்." இது நான் உதாரணத்துக்கு எழுதியது, உங்கள் அப்பாவுக்கு வேறு ஏதாவது இருக்கும். இப்படி மூன்று போதும். வீட்டில் ஒன்று, வேலை பார்த்த இடத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று.

சிரிப்பு வருகிற விஷயமும் இருக்கலாம். குடும்ப ஜெபத்தில் சொந்தக்காரர் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிடுவார்கள் என்றால் சொல்லுங்கள், கோயிலில் சிரித்தால் ஒன்றும் தப்பில்லை, அழுதுகொண்டிருப்பவர்களுக்கு அது மூச்சுவிட ஒரு இடம். சொத்துப் பேச்சு, கடைசி நாட்களில் யார் பார்த்தார் யார் பார்க்கவில்லை என்ற பேச்சு, ஆஸ்பத்திரிக் கதை முழுதும், இதெல்லாம் வேண்டாம்.

அடுத்தது தேதிகள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி இரண்டு உண்டு, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, உண்மையான தேதி இன்னொன்று. ஆதாரிலும் பென்ஷன் புத்தகத்திலும் இருப்பது பெரும்பாலும் வாத்தியாருடையது. வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளைத் திறந்து பாருங்கள், தாத்தா கையெழுத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் இல்லையென்றால் ஞானஸ்நான ரிஜிஸ்டர். சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பிரிந்திருந்தால் பழைய புத்தகம் எந்தச் சபையில் இருக்கிறது என்று போதகர் ஐயாவிடம் கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 27 செப்டம்பர் 1947இல், அதற்கு முன் பிறந்தவரின் பதிவு ஆங்கிலிக்கன் கால ரிஜிஸ்டரில்தான் இருக்கும். தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகள்) தனியாகப் பிரிந்தது 2003இல், ஆகவே 1990களில் நாசரேத் பக்கம் அப்பா வகித்த பொறுப்பு திருநெல்வேலித் திருமண்டலக் கணக்கு. கோயிலில் இதைக் கவனித்துத் திருத்தவே இரண்டு ரிட்டயர்டு வாத்தியார்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

பெயர்களில் இன்னும் கவனம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அப்பாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் வயது வரிசையில் எழுதி, இரண்டு பேரிடம் காட்டுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா பேரும் வர வேண்டும். ஒரு மருமகன் பேர் விட்டுப்போனால் அது அடுத்த கல்யாண வீடு வரைக்கும் வரும்.

வசனம் ஒன்று போடுவீர்கள். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்" என்ற 2 தீமோத்தேயு 4:7 பாதிக் கல்லறைகளில் இருக்கிறது, அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் அப்பாவின் வேதாகமத்தில் பென்சிலால் கோடு போட்ட வசனம் இருக்கும்போது அதை எதற்குத் தேட வேண்டும்? புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் தேதி போட்டிருந்தால், அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் குறிப்பின் கடைசிப் பத்தி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். (கத்தோலிக்கக் குடும்பம் என்றால் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதற்குப் பதில் "இறைவனில் இளைப்பாறினார்" என்று எழுதுவது வழக்கம். போஸ்டர் அடிக்கிற பையன் இரண்டையும் கலந்துவிடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.)

நீளம் ஏ4 தாளில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுங்கள், ஃபோனைப் பார்த்து வாசித்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். இன்னொரு பிரதியை அக்கா மகனிடமோ நண்பரிடமோ கொடுத்துப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், உங்களுக்குத் தொண்டை அடைத்தால் விட்ட வரியிலிருந்து அவர் வாசிக்கட்டும். ஒருதடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள், எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரியை வெட்டாமல், அதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுங்கள்.

ஆராதனையெல்லாம் முடிந்த பிறகு இரண்டு மூன்று வேலை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், பேரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பாவின் ஃபோனை ஃபார்மேட் செய்து பேரனிடம் கொடுத்துவிடாதீர்கள். அதில் அவர் குரல் இருக்கிறது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், கொயரில் பாடிய வீடியோ எல்லாம். முதலில் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள், ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அந்த நம்பரே வேறு யாருக்காவது போய்விடும். கல்லறை கட்ட ஒரு மழைக்காலம் போகட்டும், மண் இறங்கி அமர வேண்டும். கல்லில் வெட்டும் முன் எழுத்துப் படிவத்தை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், துணைக்கால் ஒன்று விட்டுப்போனால் கல்லில் திருத்த முடியாது.

முதலாம் ஆண்டு நினைவுக்கு முன், சபைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவீர்கள். கோயில் ஃபேன் இறக்கை மூன்றிலும் மூன்று பேர் நினைவாக எழுதியிருக்கும், சுவர்க் கடிகாரமே நாலு இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். ஆகவே முதலில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் குட்டியாரிடம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். பாட்டுப் புத்தகம் கிழிந்திருக்கலாம், கழிப்பறைக் கதவு உடைந்திருக்கலாம். கதவைப் போட்டுக் கொடுங்கள், அதில் அப்பா பேர் எழுதுவதா வேண்டாமா என்று அம்மா சொல்லட்டும்.