ஒரே ஒரு படகு கட்டுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

"கரையில் கிடக்கிற படகெல்லாம் ஃபைபர்தானே, நாமும் ஃபைபரிலேயே கட்டிவிடலாம்." சொந்தமாகப் படகு கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், முதல் தவறும் இங்கேதான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகியது உண்மை. ஆனால் அவை அச்சில் வார்த்து எடுக்கப்படுபவை. அந்த அச்சுக்கு முதலில் முழு அளவில் ஒரு மாதிரிப் படகு செய்து, கண்ணாடி மாதிரி தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் அச்சு எடுத்து, அப்புறம் அச்சுக்குள் படகைப் போட வேண்டும். படகுப் பட்டறைக்காரர் ஓர் அச்சில் ஐம்பது படகு எடுப்பார், அந்தச் செலவு பிரிந்துவிடும். நீங்கள் ஒரு படகுக்காக மூன்று செய்கிறீர்கள், அதில் ஒன்றுதான் தண்ணீருக்குப் போகும்.

ஒற்றைப் படகுக்கு அச்சே வேண்டாத வழி ப்ளைவுட். பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியாலோ கேபிள் டையாலோ தைத்து, உள்மூலையில் எபாக்சி பசையைக் குழைத்து நிரப்பி, மேலே கண்ணாடியிழை நாடா ஒட்டுவது. 1963-ல் பிரிட்டனில் வந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு இந்த முறையைப் பிரபலமாக்கியது, 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள், நிறையப் பேர் வீட்டுக் கொட்டகையிலேயே. குமரி மாவட்டம் முட்டத்திலும் 1980-களிலேயே ப்ளைவுட் வள்ளங்கள் இப்படித் தைத்து ஒட்டிக் கட்டப்பட்டன. சென்னைக் கரையின் பழைய மசூலா படகும் தைத்ததுதானே என்று கேட்பீர்கள். அதில் கயிறுதான் கடைசிவரை படகைப் பிடித்திருக்கும். இதில் கம்பி வெறும் தற்காலிகம், பிடிமானம் முழுக்கப் பசையில்தான். அதனால் பசையில் செய்கிற தவறுதான் இங்கே பெரிய தவறு.

நானே செய்தேன். 12 அடிப் படகு, நல்ல ப்ளைவுட், எபாக்சி விலையைப் பார்த்து மலைத்துப்போய், படகுக்காரர்கள் பூசுகிற பாலியெஸ்டர் ரெசினையே மேலே பூசிவிட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பக்கத்து ஃபைபர் வாழைப்பட்டை உரிவது போல மொத்தமாக உரிந்து வந்தது, உள்ளே மரம் ஈரமாகக் கறுத்திருந்தது. பாலியெஸ்டர் ரெசின் ஃபைபரோடு ஒட்டுகிற மாதிரி மரத்தோடு ஒட்டாது. சரி என்று எபாக்சி வாங்கினால் அடுத்த வம்பு: பாலியெஸ்டரில் அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இறுகும் வேகத்தை மாற்றிப் பழகிய கை, எபாக்சியிலும் அதோடு கலக்கிற ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றும். அது வேகமாக இறுகாது, சரியாகவே இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். டப்பாவில் போட்டிருக்கிற விகிதம் என்னவோ அதேதான், தராசு வைத்துக்கொள்ளுங்கள். குவளையில் நிறையக் கலக்கி வைத்தால் நம் வெயிலுக்குச் சூடேறிப் புகைந்துவிடும், தட்டையான தட்டில் ஊற்றினால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கடற்கரை ஈரக்காற்றில் இறுகிய எபாக்சிமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது. ரெசின் கடையில் தருகிற, நெய்யாமல் இழைகள் முடிமுடியாகக் கிடக்கிற கண்ணாடியிழை விரிப்பும் (மேட்) எபாக்சிக்கு ஆகாது, நெய்த துணியாக வாங்குங்கள். பாலியெஸ்டரோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும்.

ப்ளைவுட் வாங்கும்போது "வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்பதை நம்பாதீர்கள். ஐ.எஸ். (இந்தியத் தர அளவு) 303 என்று முத்திரை இருந்தால் அது அலமாரி செய்கிற பலகை, படகுக்கு ஐ.எஸ். 710. அந்தத் தரத்துக்குப் பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். முத்திரை இருந்தாலும் ஓரத்தைக் குனிந்து பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வேண்டாம். ஒரு துண்டை வீட்டிலேயே கொதிக்க வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான், கேஸ் செலவோடு போய்விடும். 710 ஆனாலும் மரம் மரம்தான். உப்புத் தண்ணீரைவிட உள்ளே தேங்குகிற மழைத் தண்ணீர்தான் அதைச் சீக்கிரம் அழுக வைக்கும்.

பலகையோடு பலகை சேர்த்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்க்கிற பழைய முறை அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அது எப்போதும் தண்ணீரில் கிடக்க வேண்டிய படகு. மாதத்துக்கு ஒருமுறை ஏரிக்குக் கொண்டுபோய், மற்ற நாளெல்லாம் மொட்டை வெயிலில் நிறுத்தினால் பலகை சுருங்கி, இறக்கிய அன்றே ஒழுகும். மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டுவதில் வளைவு அருமையாக வரும், தேய்த்தே ஒரு மாதம் போகும், பொறுமை இருந்தால் செய்யுங்கள். இரும்பு சின்னப் படகுக்கு வேண்டவே வேண்டாம்: 8-க்கு 4 அடியில் 3 மி.மீ. தகடு ஒன்று 70 கிலோ, அதே அளவு 6 மி.மீ. ப்ளைவுட் அதில் கால்வாசிகூட வராது.

கடைசியாக ஒன்று, இதை நல்ல ஆசாரிகளே செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறைக்கு வரைந்த பிளானை இன்னொரு முறையில் கட்டுவது. அல்லது பிளானில் 6 மி.மீ. என்றிருந்தால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 12 போடுவது. எடை இரட்டிப்பாகும், அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், வளைக்கும்போது பலகை படாரென்று முறியும். ப்ளைவுட் ஒரு திசையில்தான் வளையும், உருண்டையான அடிக்கு வராது. பலகை வாங்குவதற்கு முன் பிளானைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் வெட்டி ஊசிநூலால் தைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அட்டை மடங்கிச் சுருங்குகிறதோ, அதே இடத்தில்தான் பலகையும் வராது.