'துல்லியம்' என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

'துல்லியமாக' என்று எழுதப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதோடு ஒப்பிட்டு? அதற்குப் பதில் இருந்தால் தாராளமாக எழுதலாம், இல்லையென்றால் வேறு சொல் தேட வேண்டும். இந்தக் கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஒப்பான' என்று பொருள்படும் 'துல்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது இது, தராசைக் குறிக்கும் துலாவும் அதே குடும்பம்தான். மலையாளத்தில் இன்றைக்கும் 'துல்யம்' என்றால் சமம்.

சட்டை உடம்புக்குப் பொருந்தினால் கச்சிதம். நாளும் இடமும் மாறாமல் முடிவாகிவிட்டால் திட்டவட்டம். கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் விடை இருந்தால் 'சரி' போதும், அங்கே துல்லியத்துக்கு வேலை இல்லை. படம் துல்லியமாகத் தெரிகிறது, குரல் துல்லியமாகக் கேட்கிறது என்று சொல்கிறோமே, அது நல்ல தமிழ்தான், ஏனென்றால் அசலோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம்.

எண்களில்தான் இந்தச் சொல் முழுசாக வேலை செய்யும். வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பு 3.14159 என்று போய்க்கொண்டே இருக்கும், அதற்குப் பதிலாக 22/7 போட்டால் 3.142857 வரும். அப்போது 22/7 தவறா? தவறு என்று சொல்லாதீர்கள், 'இரண்டு தசம இடம் வரை துல்லியம்' என்று சொல்லுங்கள். எதுவரை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படிப்பவருக்கு அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். 'துல்லியமாகச் சுமார் 40 பேர்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

அப்புறம் ஒரு சிக்கல். 500 கிராம் எடைக்கல்லை ஒரு தராசில் ஐந்து முறை வைக்கிறீர்கள், ஐந்து முறையும் 502 காட்டுகிறது. இது துல்லியமான தராசா? மாறாமல் காட்டுவதையும் உண்மை அளவைக் காட்டுவதையும் பேச்சில் இந்த ஒரே சொல்லால்தான் சொல்கிறோம், அதனால் இங்கே சொல்லை நம்பாமல் விரித்தே எழுதுங்கள்: 'ஒவ்வொரு முறையும் ஒரே எடையைக் காட்டுகிறது, ஆனால் 2 கிராம் கூட்டிக் காட்டுகிறது.'

எழுதும்போது 'துள்ளியம்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ள் போட்டால் துள்ளல் நினைவுக்கு வரும். 'துல்லியமாகக் கணித்தார்', 'துல்லியமாகச் சொன்னார்' இரண்டிலும் ஒற்று மிகும்.